தொழிற்படிப்பு படித்தால் பையன் ஒரே வேலைக்குள் மாட்டிக்கொள்வானா? புதுவயல் தந்தை ஒருவருக்கு விரிவான பதில்

புதுவயலிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அரிசி ஆலையில் ஃபிட்டராக இருக்கிறார். மகன் பிளஸ் டூவில் கணிதப் பிரிவு எடுத்துத் தேறிவிட்டான். காரைக்குடிப் பக்கம் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ப்பதா, புதிதாக பி.வொக். என்று ஒரு தொழில்திறன் பட்டம் சொல்கிறார்களே அதில் சேர்ப்பதா, கடன் வாங்கியாவது பி.இ. சேர்ப்பதா என்பது கேள்வியின் முன்பகுதி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இருந்த மில் வேற, இப்ப இருக்கிற மில் வேற. இவன் படிச்சு முடிக்கிறப்போ அந்த வேலையே இல்லேன்னா என்ன பண்றது?" உண்மையான கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தப் படிப்பு என்பதைவிட, வேலை மாறும்போது கைவிடாத படிப்பு எது என்றுதான் அவர் கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் மூன்றில் எது என்பதும் தெளிவாகும்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்தவன். வொர்க்‌ஷாப்பில்தான் பெரும்பகுதி காலம் போயிற்று. பிறகு வேலைவாய்ப்புப் பிரிவையும் பார்த்துக்கொண்டேன். எங்கள் பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள், எங்கே நின்றார்கள், எதனால் விலகினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். நர்சிங், கேட்டரிங், கணினி போன்ற படிப்புகளைப் பற்றி நான் சொன்னால் வெளியே நின்று பார்த்தவன் சொல்வதாகத்தான் இருக்கும். ஆகவே இயந்திரம், மின்சாரம் சார்ந்த படிப்புகளோடு நிறுத்திக்கொள்கிறேன். கேட்டவருக்கும் அதுதான் தேவை.

முதலில், அவருடைய பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்போம். இருக்கிறது. ஹனுஷெக், வோஸ்மன் முதலிய பொருளாதார ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 11 நாடுகளின் தரவுகளை வைத்து, தொழிற்கல்வி படித்தவர்களையும் பொதுக்கல்வி படித்தவர்களையும் வயதுவாரியாக ஒப்பிட்டது. தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளவயதில் வேலை எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் வயது ஏற ஏற அந்தச் சாதகம் கரைகிறது. பிற்பகுதியில் பொதுக்கல்வி படித்தவர்களே வேலையில் அதிகம் நிற்கிறார்கள். படிக்கும்போதே தொழிற்சாலையில் பயிற்சி தரும் முறை வலுவாக உள்ள நாடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பி.இ.தான் பாதுகாப்பு என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. டெமிங், நோரே என்ற இருவர் அமெரிக்கப் பட்டதாரிகளின் சம்பளத்தை வைத்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, பொறியியலும் கணினியும் படித்தவர்களுக்கு ஆரம்பத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளமும் வேகமாகத் தேய்கிறது என்று காட்டியது. அந்தத் துறைகளில் கேட்கப்படும் திறமைகள் சீக்கிரம் சீக்கிரமாக மாறுவதே காரணம். ஆக, கல்லூரியில் கற்ற குறிப்பிட்ட கருவியும் மென்பொருளும் பழசாவது டிப்ளமோக்காரருக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. இரண்டு ஆய்வுகளும் இந்தியாவைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் முறையான பயிற்சி பெற்றவர்களே குறைவு, வேலைச்சந்தையும் வேறு. எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. திசையை மட்டும் நம்பலாம்.

எது பழசாகிறது, எது நிற்கிறது என்பதை வொர்க்‌ஷாப்புக்குள் வைத்தே காட்டுகிறேன். இருபத்தைந்து மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு ஷாஃப்ட், அதாவது உருளைத் தண்டு, கடைய வேண்டும். டிராயிங்கில் 0.02 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. பழைய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மாணவன் கையால் ஹேண்டிலைச் சுற்றி டூலை உள்ளே கொண்டுபோவான். கொஞ்சம் கடைவான், நிறுத்துவான், மைக்ரோமீட்டரில் அளப்பான், மறுபடி கடைவான். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷின் வந்ததும் அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலை குறைந்துவிட்டது. புரோகிராமைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் உருப்படி தானாக வருகிறது. முதல் உருப்படி சரியாக 25.00 வரும். ஆனால் புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறாமலேயே ஐம்பதாவது உருப்படி 25.02 வந்து நிற்கும். அதற்கடுத்தது தள்ளுபடியாகும். ஏன்? கடைந்து கடைந்து டூலின் முனை தேய்கிறது. தேய்ந்த முனை அந்த அளவு ஆழம் போவதில்லை. அதனால் உருப்படி பெருக்கிறது. இது தெரிந்த பையன், டூலின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து எக்ஸ் அச்சில் 0.02 கழித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வான். தெரியாதவன் மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைத் தேடுவான்.

அங்கேயே இன்னொன்றும் நடக்கும். கடைந்து முடித்த உருப்படியைச் சூட்டோடு அளந்துவிட்டு, அளவு கூடுதல் என்று ஆஃப்செட்டை மாற்றிவிடுவார்கள். இரும்பு சூட்டில் விரியும். இருபத்தைந்து மில்லிமீட்டர் ஷாஃப்ட், முப்பது டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.01 மி.மீ. பெருக்கும். அனுமதித்த அளவில் பாதி அதிலேயே போய்விடும். ஆறியபின் அளந்தால் உருப்படி சிறுத்திருக்கும். சி.என்.சி. கம்பெனிக்காரர்கள் நடத்தும் ஆறு வாரப் பயிற்சியில் பொத்தான்களைச் சொல்லித்தருவார்கள். டூல் தேய்வது, இரும்பு விரிவது, டிராயிங்கில் உள்ள குறிகளின் பொருள், எதை எப்போது அளப்பது எல்லாம் பழைய லேத்திலும் இருந்தவை, இன்றைக்கும் இருப்பவை, நாளைக்கு ரோபோ வந்து உருப்படியை எடுத்து வைத்தாலும் இருக்கப்போகிறவை. எங்கள் பிள்ளைகளில் பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்குச் சிரமமில்லாமல் தாவியவர்கள் மதிப்பெண்ணில் முதலில் வந்தவர்களாக இருக்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் நிற்கும்போது "ஏன் சார் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். அதற்குப் பதில் சொல்ல ஆசிரியர் அருகில் இருந்ததும் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

கேள்வி கேட்ட தந்தையின் ஆலையிலும் இதே கதைதான். நெல்லின் உமியை நீக்கப் பழைய ஹல்லர் போய் ரப்பர் ரோல் வந்தது. கறுப்பு அரிசியைக் கையால் பொறுக்கிய இடத்தில் கலர் சார்ட்டர் வந்தது. விழும் அரிசியைக் கேமரா பார்க்கிறது, நிறம் மாறிய மணியை ஒரு சின்ன வால்வு காற்றடித்துத் தள்ளுகிறது. ஃபிட்டருக்கு இனி என்ன வேலை என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றில் ஈரமோ எண்ணெயோ கலந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும். நல்ல அரிசி கழிவில் போகும், கறுப்பு உள்ளே வரும். கேமரா போர்டைக் கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து பார்ப்பார். கம்ப்ரஸர், ஏர் டிரையர், ஃபில்டர், குழாய் இணைப்பு எல்லாம் உள்ளூர் ஃபிட்டரின் பொறுப்பு. காற்றழுத்தம் பற்றித் தெரிந்தவருக்குக் கலர் சார்ட்டர் ஒரு வாடிக்கையாளர் மாதிரி வந்து சேர்கிறது. ஐயா, உங்கள் ஆலை மாறியபோது உங்களை அங்கே நிறுத்தி வைத்தது எது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மகனுக்கு எது வேண்டும் என்பதற்கு என் பதிலைவிட அது நல்ல பதிலாக இருக்கும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புது விஷயமும் இல்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்தப் போன காலத்தில் நகரத்தார் பிள்ளைகளுக்கு இருந்த பயிற்சியை யோசித்துப் பாருங்கள். பையன் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கடையில் சேர்வான். பிறகு ஏஜென்டுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள் ஆவான். தேறினால் ஏஜென்டாக ஒரு கடையையே நடத்துவான். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. சம்பளச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். போகுமுன்பே பேரேடு எழுதவும், பின்னக் கணக்கை வாயால் போடவும், வட்டி கணக்கிடவும், ஐந்தொகை (வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றின் நிலைக்கணக்கு) எடுக்கவும் பழகியிருப்பான். வேலையைச் செய்துகொண்டே மேலே ஏறும் படி இருந்தது, அடியில் கணக்கு இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். 1948-இல் அங்கே நில தேசியமயச் சட்டம் வந்தது. வட்டிக்கடையும் வயலும் போயின. திரும்பி வந்தவர்களில் பலர் மில், வியாபாரம் என்று வேறு வேறு துறைகளுக்கு மாறினார்கள். கடை பர்மாவிலேயே போயிற்று. ஐந்தொகை எடுக்கத் தெரிந்தது மட்டும் கூடவே வந்தது. இதை அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. மாறியவர்களுக்குக் கையில் முதலும், உறவுக்குள் கைமாற்றும் இருந்தன. கூலிக்குப் போய்த் திரும்பிய சாதாரணக் குடும்பங்களுக்கு அது இல்லை. பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சியில் இடமே இல்லை. வேற்றுச் சமூகத்தாருக்கும் கதவு திறந்திருக்கவில்லை. பொதுக் கல்லூரி என்பது அந்தக் குறையை நீக்கத்தான்.

அதையும் இங்கேயே கண்டோம். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக்கல்லூரியும் 1952-இல் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அது 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. அன்றைக்கு மின்முலாம், துருப்பிடித்தல், பேட்டரி என்றால் பலருக்கு அது ஒரு மூலைப் பாடம். இன்று மின்வண்டி ஓடுகிற ஒவ்வொரு சாலையிலும் அந்தப் பாடம் ஓடுகிறது. எழுபது வருடத்தில் பேட்டரியின் வகை பலமுறை மாறிவிட்டது. அயனி எப்படி நகர்கிறது என்ற அடிப்படை மாறவில்லை.

இனி மூன்று வழிகளுக்கு வருகிறேன். பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு என்பது, பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்கும், தொழிற்பிரிவு படித்தவர்களுக்கும், இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் உள்ள வழி. இரண்டே வருடத்தில் டிப்ளமோ கையில் வரும். அதன்பின் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கான மாநிலக் கலந்தாய்வே பல ஆண்டுகள் காரைக்குடி அழகப்பா அரசு பொறியியல் கல்லூரியில் நடந்தது என்பதால் இந்தப் பக்கத்தாருக்கு அது தெரிந்த வழிதான். கணக்குப் போட்டால், பிளஸ் டூ முடித்து நேரே பி.இ. போனால் நான்கு வருடம், டிப்ளமோ வழியாகப் போனால் ஐந்து வருடம். ஒரு வருடம் கூடுதலாகிறது. பதிலாக, நடுவில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், வொர்க்‌ஷாப் பழக்கமும் இருக்கும். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரத்தில் பி.இ. படிக்கவும் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் இடமுண்டு. குறை என்ன என்றால், பிளஸ் டூவிலிருந்து நேரே இரண்டாம் ஆண்டுக்கு வருகிறவன் முதலாண்டு வொர்க்‌ஷாப்பைத் தவறவிடுகிறான். ஃபைலைப் பிடித்து இரும்பைத் தேய்த்துச் சதுரமாக்கும் பயிற்சி அங்கேதான் கிடைக்கும். அப்படி வந்த பிள்ளைகளை முதல் மூன்று மாதம் மாலையில் வொர்க்‌ஷாப்பில் நிறுத்திக்கொண்டால் ஈடுகட்டிவிடலாம். விட்டுவிட்டால் கடைசிவரை மெஷினைக் கண்டு கொஞ்சம் தயங்குவார்கள்.

பி.வொக். என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கொண்டுவந்த மூன்றாண்டுப் பட்டம். ஒரு வருடத்தில் விலகினால் டிப்ளமோ, இரண்டில் விலகினால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். பாடத்தில் 60 சதவீதம் தொழில்திறன், 40 சதவீதம் பொதுக்கல்வி என்பது விதி. காகிதத்தில் பார்த்தால் கேட்டவரின் கவலைக்கென்றே வடித்த படிப்பு போல இருக்கும். தொழிலும் இருக்கிறது, அடித்தளமும் இருக்கிறது, நடுவில் இறங்கவும் ஏறவும் படியும் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் போதும் என்று கேட்கும் போட்டித் தேர்வுகளுக்கு இந்தப் பட்டம் செல்லும். ஒரு குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் வேண்டும் என்று கேட்கும் அரசுப் பணிக்கு, இணைத்தன்மை அரசாணை, அதாவது இந்தப் பட்டம் அதற்குச் சமம் என்ற அரசு உத்தரவு, இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும். பொறியாளர் பணிக்கு பி.இ.க்கு இணையாக இதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவை உறுதியானவை. சந்தேகம் எங்கே என்றால், அந்த 60 சதவீதம் எங்கே நடக்கிறது என்பதில். நல்ல கம்பெனியின் கூடத்தில் நடந்தால் இதைவிட நல்ல படிப்பு இல்லை. வகுப்பறையில் புரொஜெக்டரில் படம் காட்டி முடித்துவிட்டால், பையன் தொழிலும் தெரியாமல் பாடமும் தெரியாமல் வெளியே வருவான். அந்த 40 சதவீதத்தையும் விசாரிக்க வேண்டும். அதில் கணக்கு, எழுத்து, கணினி இருக்கிறதா, பேட்டிக்குப் போகும்போது கைகுலுக்குவது எப்படி என்று சொல்லித்தருவதோடு முடிந்துவிடுகிறதா?

பி.இ. பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும், அது அவசரமானது. கடன் வாங்குவதற்கு முன்னால், மகன் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தானா என்று பாருங்கள். படித்திருந்தால் 2021 சட்டப்படி பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவனுக்கு உரிமை உண்டு. அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பி.இ.க்குக் கடன் என்ற கேள்வியே அங்கே மறைந்துவிடும். அரசுப் பள்ளியில் படிக்கவில்லை என்றால், வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லாத பட்சத்தில் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. அது கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றுக்கும் அது பொருந்தும். இதைத் தெரியாமலேயே வட்டிக்கு வாங்கிச் சேர்த்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டப்படும்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். மகன் 7.5 சதவீதத்துக்குத் தகுதியுள்ளவனாக இருந்து, அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் இடம் கிடைத்தால் பி.இ. சேருங்கள். அது இல்லையென்றால் டிப்ளமோ. இயந்திரவியலோ மின்னியலோ, அடிப்படைப் பிரிவாகப் பாருங்கள். பெயரிலேயே போன வருடம் வந்த தொழில்நுட்பம் ஒட்டியிருக்கும் பிரிவுக்கு அவசரப்பட வேண்டாம். மின்வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக் இருக்கிறது, பேரிங் இருக்கிறது, சஸ்பென்ஷன் இருக்கிறது, வயரிங் இருக்கிறது. மின்னியல் படித்தவன் மின்வண்டிக்கு வர ஒரு சின்னப் பயிற்சி போதும். மின்வண்டி மாடல் ஒன்றை மட்டும் படித்தவனுக்கு அடுத்த மாடலே புதிராக இருக்கும். பி.வொக்.கை நான் மூன்றாவதாக வைப்பது அந்தப் படிப்பின் மீதுள்ள குறையால் அல்ல. நடத்துகிற இடத்துக்கு இடம் தரம் ஏறியிறங்குவதால்தான். நல்ல கம்பெனியோடு உண்மையாகவே கைகோத்து நடத்தும் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? திறப்பு விழாப் புகைப்படத்திலும் விளம்பரப் பலகையிலும் தெரியாது. வேலை நாளில், வொர்க்‌ஷாப் வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டாம். மெஷினுக்கு அடியில் பாருங்கள். இரும்புச் சுருள் விழுந்திருக்கிறதா, எண்ணெய் ஈரம் இருக்கிறதா, அல்லது பெயின்ட் பளபளக்கிறதா? வேலை நடக்கும் லேத் அழுக்காகத்தான் இருக்கும். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பத்துப் பேர் நின்று ஒருவன் ஓட்டினால் ஒன்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று பொருள். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து ஏதாவது ஒன்றை அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஃபிட்டர், அவன் பிடிக்கும் விதத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். ரெக்கார்டு நோட்டு இரண்டை வாங்கிப் புரட்டுங்கள். இருவருடைய அளவுகளும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இருந்தால் ஒருவன் அளக்கவே இல்லை. சொல்லித்தருகிறவர் எத்தனை நாளாக அங்கே இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். வருடா வருடம் ஆசிரியர் மாறும் இடத்தில், "ஏன் சார்" என்று கேட்கும் பையனுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

வேலைவாய்ப்புச் சதவீதத்தை எல்லாக் கல்லூரியும் பெரிய எழுத்தில் போடுகிறது. அதை நான் ஓரளவுக்குமேல் நம்பச் சொல்ல மாட்டேன். அந்தப் பிரிவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது முதல் வேலையின் கணக்கு மட்டும். வேலைக்கான உத்தரவு வாங்கியவன் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறான் என்பது அதில் வராது. அங்கே படித்து முடித்து ஏழெட்டு வருடம் ஆன இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார்கள். முதல் வேலை எது என்று கேட்காதீர்கள். இரண்டாவது வேலை எது, அங்கே எப்படிப் போனீர்கள், கல்லூரியில் படித்ததில் எது அங்கே உதவியது என்று கேளுங்கள். மாறுகிற வேலைக்குக் கல்லூரி தயார் செய்ததா என்பது அந்தப் பதிலில்தான் தெரியும். அதே மாதிரி, கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று சொன்னால், போன வருடம் எத்தனை மாணவர்கள், எந்தக் கூடத்தில், எத்தனை வாரம் நின்றார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது.

டிப்ளமோ முடித்தவுடன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், டிப்ளமோ முடித்தவர்களும் பட்டதாரிகளும் ஒரு வருடம் அப்ரென்டிஸாகச் சேரலாம். தென்மாநிலங்களுக்கு இதை நடத்தும் வாரியம் சென்னையில் இருக்கிறது. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பெரிய பொதுத்துறை நிறுவனங்களிலும் இடம் கிடைக்கும். வருட முடிவில் அங்கேயே நிரந்தர வேலை தருவார்கள் என்று எண்ணிச் சேரக் கூடாது. அந்தக் கடமை நிறுவனத்துக்குக் கிடையாது. ஆனால் நல்ல தொழிற்சாலையில் ஒரு வருடம் நின்றவன் பேசும் பேச்சே வேறு. வெளிநாட்டு வேலைக்கு டிரேடு டெஸ்ட் (செய்து காட்டும் தொழில் தேர்வு) வைக்கும்போதும் அது கைகொடுக்கும். சிங்கப்பூர், வளைகுடா என்று போகும் பழக்கம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பதால் சொல்கிறேன்.

எந்த வேலை இன்னும் பத்து வருடத்தில் இருக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்பவர்களும், ஒன்றும் ஆகாது என்பவர்களும் ஒரே அளவு ஊகத்தில்தான் பேசுகிறார்கள். டிராயிங் போடுவது, ரிப்போர்ட் எழுதுவது, ஸ்டாக் கணக்கு வைப்பது போன்ற மேசை வேலைகளில் மாற்றம் வேகமாக வருகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறோம். பழுதான இடத்துக்குப் போய், சத்தம் கேட்டு, தொட்டுப் பார்த்து, கழற்றி மாட்டும் வேலைகள் அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது என் எண்ணம். அது எண்ணம் மட்டுமே. இந்த நிலையில் எந்தத் திறமை விலைபோகும் என்று சூதாடுவதைவிட, புதிதாக ஒன்றைக் கற்கும் பழக்கத்தைப் பையனிடம் வளர்ப்பதுதான் நம் கையில் இருப்பது.

அதற்குக் கல்லூரியை மட்டும் நம்ப வேண்டாம். இந்த விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம். உங்களோடு ஆலைக்கு அழைத்துப் போங்கள். வேலை வாங்குவதற்காக இல்லை, பார்ப்பதற்காக. பாதுகாப்பான தூரத்தில் நிற்கட்டும், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் அருகில் விடாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இன்று என்ன பழுதாயிற்று, ஏன், எப்படிச் சரிசெய்தோம், மறுபடி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று நாலு வரி எழுதட்டும். மெஷினோடு வந்த ஆங்கிலக் கையேட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் உங்களுக்கு வாசித்துத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு மெஷின் தெரியும், அவனுக்கு எழுத்து தெரியும். இருவரும் சேர்ந்தால் அந்தப் பக்கம் இருவருக்கும் புரிந்துவிடும். ஆங்கிலத்துக்குத் தனியாகப் பணம் கட்டி வகுப்பு சேர்ப்பதைவிட இது நல்லது. கணக்கை மட்டும் விடவே கூடாது. டிப்ளமோவில் பலர் தடுக்கி விழுவதும் அதில்தான், பின்னால் பி.இ. கதவு திறப்பதும் அதனால்தான்.

பி.இ. கலந்தாய்வுக்கும் பாலிடெக்னிக்குக்கும் இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. மகன் படித்தது அரசுப் பள்ளியா, கணிதத்திலும் இயற்பியலிலும் என்ன மதிப்பெண், அவனுக்கு மெஷின் பிடிக்கிறதா மின்சாரம் பிடிக்கிறதா என்று இங்கேயே எழுதுங்கள். அவனையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. பிரிவைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி அவனிடமே நேராகப் பேசிவிடலாம்.